கிள்ளான் ரயிலில் ஓர் ஓமான் குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டருக்காக நிற்பவர்களில் பாதிப் பேர் அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. கையில் இருக்கும் பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய இனிப்புப் பெட்டி, வாழையிலையில் சுற்றிய பூ, மருந்துக்கடைப் பொட்டலம். சாயங்காலம் திரும்பி வரும்போது அதே பையில் மிளகாய்த்தூளும் ஊறுகாய்ப் போத்தலும் இருக்கும்.

என் பையில் கூடுதலாக ஒரு நாவலும் இருக்கும். சில மாதங்களாக அது அரபு நாவல். எனக்காக வாங்கியதுதான். இப்போது அது என் பாட்டிக்குச் சொந்தமாகிவிட்டது.

பாட்டிக்கு எண்பத்தாறு வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அந்த மூன்று வருடப் படிப்பை வைத்துக்கொண்டு அறுபது எழுபது வருடம் பத்திரிகை படித்தார். ஞாயிற்றுப் பதிப்பு வந்துவிட்டால் அன்றைக்குச் சமையல் தாமதம்தான். போன வருடம் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். இன்னொரு கண்ணில் எடுத்தும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்றார். தொலைக்காட்சித் தொடர்களும் அலுத்துவிட்டன. "ஒரே வீட்டுக்குள்ள ஒரே சண்டைய எத்தன வருசம்தான் போடுவாளுங்க?"

அதனால் ஞாயிறுதோறும் நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். வாரத்தில் ஐந்து நாள் ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற பிழைப்பு என்னுடையது. ஆறாவது நாள் வீட்டுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? முதலில் தமிழ்ச் சிறுகதைகள். ஒரு நாள் பையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "அதென்ன இங்கிலீசுப் பொஸ்தகமா?" என்றார். "இல்ல பாட்டி, எகிப்து கதை. இங்கிலீசுல வந்திருக்கு" என்றேன். "சொல்லு பாப்போம்."

அப்படித்தான் கெய்ரோ நகரத்துக் குடும்பம் ஒன்று எங்கள் வடகிள்ளான் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தது.

அது நகீப் மஹ்ஃபூஸின் மூன்று பாக நாவல். 1956-லும் 1957-லும் அரபியில் வெளிவந்தது. மஹ்ஃபூஸுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. அரபியில் எழுதும் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. கதை 1917-ல் தொடங்கி 1944 வரை போகிறது. அஹ்மத் அப்துல் ஜவாத் என்ற கடைக்காரர், அவர் மனைவி அமீனா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீட்டுக்குள் அவர் வாய் திறந்தால் சுவர்கூட நடுங்கும். ராத்திரியானால் நண்பர்கள், பாட்டு, மது, பெண்கள் என்று வேறு ஆள். அவர் திரும்பி வரும்போது படிக்கட்டில் விளக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அமீனா நடுச்சாமத்தில் தானாக எழுந்திருப்பாள். நாவல் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே பாட்டி, "உங்க தாத்தா விளக்கெல்லாம் கேக்கல. சாப்பாடு சுடச்சுட இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பக்கத்தைத் திருப்பும் சத்தம் நின்றது.

இருபத்தைந்து வருடம் வாசல் தாண்டாத அமீனா, கணவன் வெளியூர் போயிருக்கும் நாளில் பக்கத்திலேயே இருக்கும் ஹுசைன் பள்ளிவாசலுக்குச் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். திரும்பும் வழியில் கார் இடித்துத் தோள்பட்டை எலும்பு முறிகிறது. அவள் எழுந்து நடமாடும் வரை பொறுத்திருந்த கணவன், பிறகு சொல்லாமல் போன குற்றத்துக்காகத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். இந்தப் பகுதியைக் கேட்டபோது பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். எனக்குக் கோபம் வந்த இடத்தில் அவருக்கு வரவில்லை. "எலும்பு கூடற வரைக்கும் வச்சிருந்தானில்ல" என்றார். அதுவும் ஒரு கணக்கு.

மூன்றாம் பாகத்தில் எல்லாம் தலைகீழ். நோயில் விழுந்த கிழவர் வீட்டில் அடைந்து கிடக்கிறார். அமீனா தினமும் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் வருகிறாள். இப்போது காத்திருப்பது அவருடைய முறை. இதைச் சொன்ன அன்று பாட்டி கொஞ்ச நேரம் வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஒரு மாற்றத்தைக் காட்ட மஹ்ஃபூஸுக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு மகன் 1919 ஊர்வலத்தில் சுடப்பட்டுச் சாகிறான். கடைசியில் ஒரு பேரன் மதவாத இயக்கத்திலும் இன்னொருவன் இடதுசாரியாகவும் இருந்து, இருவரும் ஒரே இரவில் கைதாகிறார்கள். அரசியல் பேச இந்த நாவலில் நிறைய இடமுண்டு. பாட்டிக்கு அந்தப் படிக்கட்டும் விளக்கும் போதும். எனக்கும்தான்.

கதைக்கு நடுவே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்பக்கம், ஓர் அடுக்குமாடியில் வாடகை அறை. செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. பிறகு ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பு. இப்போது நாம் நிற்கும் கேஎல் சென்ட்ரல், 2001-ல் திறப்பதற்கு முன்பு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பழைய யார்டு. 2010-ல் தெருவுக்கு வளைவும் வண்ணமும் கொடுத்து 'லிட்டில் இந்தியா' என்று திறப்பு விழா நடத்தினார்கள். அந்த வண்ணம் எனக்குக் கொஞ்சம் கண்ணைக் கூசும். ஆனால் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதியில், தடியால் தட்டி வழி தேடுபவர்களுக்காக நடைபாதையில் பதித்த மேடுபள்ள ஓடுகளின்மேல் மல்லிகைக் கூடையை வைக்காமல் ஒதுக்கி வைக்கிற பூக்காரம்மாவைப் பார்த்தால் இந்தத் தெருவை மன்னித்துவிடலாம்.

இங்கிருந்து கிள்ளானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சிலாங்கூரின் முதல் ரயில் பாதையே இதுதான். 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை போட்டார்கள். ஆற்றுக்குப் பாலம் கட்டி 1890-ல் கிள்ளான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். முதலில் ஈயத்துக்காக, பிறகு ரப்பருக்காக. கப்பலில் வந்திறங்கி இந்தப் பாதை நெடுகத் தோட்டங்களுக்குப் பிரிந்து போனவர்களில் என் பாட்டியின் அப்பாவும் ஒருவர். அங்காசாபுரி, பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம் என்று ரயில் நிற்கும். பாட்டிக்கு இந்தப் பெயர்களில் பாதி, தோட்டங்களின் பெயராகத்தான் ஞாபகம் வரும். அங்கே இப்போது தொழிற்சாலை, பேரங்காடி, வீட்டு வரிசை. ஷா ஆலம் தாண்டினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அன்றைக்குச் சொல்லப்போகும் பகுதியை மனத்துக்குள் தமிழில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அரபியிலிருந்து ஒருவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததை நான் வாய்வழியாகத் தமிழுக்குத் தள்ளுகிறேன். அதுவும் தோட்டத்துத் தமிழுக்கு. மூன்று கை மாறிய சரக்கு சிந்தாமல் வராது. ஆனாலும் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழில் எளிதாக உட்காரும். மாமன், சித்தி, அத்தை, கொழுந்தன் என்று உறவைச் சொல்ல ஆங்கிலம் திணறும். நமக்குத் திணறல் இல்லை. சின்னம்மாவையும் அத்தையையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிற மொழி வழியாக வந்தபோது தொலைந்த உறவுகளை எங்கள் தாழ்வாரத்தில் பாட்டி திரும்பக் கண்டுபிடிப்பார். "அவன் அம்மாவோட தங்கச்சியா, அப்பாவோட தங்கச்சியா? அதச் சொல்லு மொதல்ல."

மஹ்ஃபூஸ் முடிந்ததும் ஜோகா அல்ஹார்த்தியை எடுத்தேன். ஓமான் நாட்டுப் பெண் எழுத்தாளர். அரபியில் 2010-ல் வந்த நாவல் இது. அரபிப் பெயரைத் தமிழில் 'நிலவின் பெண்மணிகள்' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் மர்லின் பூத் மொழிபெயர்க்க, 'செலஸ்டியல் பாடிஸ்' என்ற பெயரில் வெளிவந்து, 2019-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசைப் பெற்றது. அரபியில் எழுதும் ஒருவருக்கு அந்தப் பரிசும் அதுவே முதல் முறை. ஐம்பதாயிரம் பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பரிசின் விதி. இதைச் சொன்னதும் பாட்டி, "அப்ப எனக்குச் சொல்றதுக்கு ஒனக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு ஆப்பம் கூடுதலாகக் கிடைத்தது.

அல் அவாஃபி என்ற கற்பனைக் கிராமத்தில் மூன்று சகோதரிகள். மூத்தவள் மய்யா, நடுவில் அஸ்மா, கடைசி கவ்லா. தையல் எந்திரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் மய்யாவின் மனத்தில் ஒருவன் இருக்கிறான். அவனிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வீட்டில் கட்டிவைப்பதோ வியாபாரி சுலைமானின் மகன் அப்துல்லாஹ்வுக்கு. மறுபேச்சில்லாமல் கட்டிக்கொள்கிறாள். தன் எதிர்ப்பை ஒரே ஒரு இடத்தில் காட்டுகிறாள். பிறந்த மகளுக்கு லண்டன் என்று பெயர் வைக்கிறாள். ஊரே கேட்கிறது, இது ஊர்ப் பெயராயிற்றே, முஸ்லிம் பிள்ளைக்கு இப்படியொரு பெயரா என்று. மய்யா அசைவதில்லை.

பெயர் என்றால் எனக்குக் காது நீளும். வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறவளுக்கு இந்த நாட்டுத் தமிழர்களின் நூறு வருடக் கதை பெயர்களிலேயே கிடைத்துவிடும். தொண்ணூறு வயதுப் பாட்டி முனியம்மா, அங்கம்மா. அவர் மகள் சரோஜா, கமலா. அவர் மகள் விஜயலெட்சுமி, சாந்தி. அடுத்தவள் தர்ஷினி, ஷாலினி. அதற்கும் அடுத்தது என்ன எழுத்தில் தொடங்கி எங்கே முடிகிறதென்று ஒலிபரப்புக்கு முன்பு மூன்று முறை சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கும். கேலி செய்யவில்லை. லண்டன் என்று வைத்தவளும் இப்படித்தான், தான் போக முடியாத தூரத்துக்கு மகள் போகட்டும் என்று வைத்திருப்பாள்.

பாட்டிக்கு இரண்டு பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அப்பா வைத்தது ஒன்று. தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்து அடையாள அட்டையில் ஏறியது இன்னொன்று. ஓரெழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓரெழுத்தில் அது பெயராகவே இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவருக்கு உடனே திரும்பத் தோன்றாதாம். காது மந்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாவலில் எனக்குச் சிக்கல் கொடுத்தவள் ஸரீஃபா. வியாபாரி சுலைமான் வீட்டில் இருப்பவள். தாயில்லாப் பிள்ளையான அப்துல்லாஹ்வை வளர்த்தவள் அவள்தான். கொழுத்த உடம்பு, பெரிய சிரிப்பு, வாய் திறந்தால் பழமொழி. அந்த வீட்டின் சோறும் சாவியும் அவள் கையில். முதல் தடவை சொல்லும்போது நான் அவளை 'வேலைக்காரம்மா' என்று சொல்லிவிட்டேன். வானொலிப் பழக்கம். கரடுமுரடான சொல்லை வழவழப்பாக்கிவிடுவோம்.

பாட்டி நிறுத்தினார். "சம்பளம் உண்டா?"

"இல்ல பாட்டி."

"வேணாம்னா போகலாமா?"

"முடியாது."

"அப்ப அடிமன்னு சொல்லு. வேலக்காரின்னு ஏன் சொல்ற?"

சொன்னேன். ஓமானில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1970-ல் என்றும் சொன்னேன். மனிதன் நிலவில் கால் வைத்ததற்கு மறு வருடம். ஸரீஃபா பிறந்த நாளாக நாவல் குறிப்பிடுவது 1926 செப்டம்பர் 25. அன்றுதான் அடிமை ஒழிப்பு உடன்படிக்கை ஜெனீவாவில் கையெழுத்தாகிறது. அங்கே பேனா ஓடுகிறது, இங்கே ஒருத்தி அடிமையாகப் பிறக்கிறாள். இதை அல்ஹார்த்தி குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

தோட்டத்து வாழ்க்கையும் அடிமை வாழ்க்கையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் அப்படிப் பேசுவது சுலபம். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ல் முடிந்தது. அதன் பிறகு கங்காணி வழியாக வந்தார்கள். அதற்கும் 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போட்டது. கூலி என்று ஒன்று இருந்தது, குறைவாக இருந்தாலும். போக வேண்டுமென்றால் போகலாம் என்பது ஏட்டிலாவது இருந்தது. ஆனால் கிள்ளான்காரர்கள் 1941-ஐ மறக்கக் கூடாது. அந்த வருடம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, பெண்களிடம் தோட்டத்து அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்து என்பது இருந்தது. கூடவே ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னணியில் இருந்தார். அவர் பத்திரிகையாளர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பள்ளியில் வரலாறு படித்தபோது என் கண்ணில் படாத இந்தச் சங்கதியை, ஊடகப் படிப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்காகப் பழைய விவரம் தேடியபோதுதான் அறிந்தேன்.

இதைச் சொன்னபோது பாட்டிக்குப் புதிதாக இல்லை. அப்போது அவருக்கு இரண்டு வயது இருந்திருக்கும். ஆனால் அவர் அப்பாவின் சைக்கிள் நினைவில் இருக்கிறது. "துரை காரு தூரத்துல வந்தாலே எங்கப்பா எறங்கிருவாரு. எறங்கணும்னு ரூல் இல்ல அப்ப. சப்பான்காரனும் வந்துட்டுப் போயிட்டான். சொதந்தரமும் வந்துருச்சி. அப்பறமும் எறங்குவாரு. கேட்டா, காலு தானா எறங்குது புள்ள, நான் என்னா பண்றதும்பாரு."

அடுத்த வாரம் கிள்ளான் நிலையத்தில் இறங்கியதும் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் காத்திராமல் நடந்தேன். ஜாலான் தெங்கு கிளானாவில் முறுக்கும் பூவும் வாங்கிக்கொண்டு ஆற்றை நோக்கிப் போனால் கோத்தா பாலம் வரும். 1961-ல் திறந்த இரட்டை அடுக்குப் பாலம். மேல்தளத்தை வாகனங்களுக்கென்று கட்டினார்கள், கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். கீழ்த்தளத்தில் நடந்தால் தலைக்கு மேலே இரும்பு, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஆறு. ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். ஏறி ஓட்டுவதற்கு வேண்டிய இடம் இருந்தது. அவருக்கு மூட்டுவலியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் நான் நின்று பார்த்தேன்.

அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஸரீஃபாவும் அவள் மகன் சன்ஜரும் மோதிக்கொள்ளும் பகுதி. மகனுக்கு ஊரைவிட்டுப் போக வேண்டும். சட்டம் நம்மை விடுவித்து எத்தனையோ காலமாகிவிட்டது, நாம் யாருக்கும் சொந்தமில்லை, அந்த வியாபாரி நம்மை வளர்த்ததெல்லாம் தன் வேலைக்காகத்தான் என்கிறான். அம்மா கொதிக்கிறாள். நம்மை வளர்த்தவர், சோறு போட்டவர், உனக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவர் என்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை. படிக்கும் நமக்கு மகன் பக்கம்தான் நியாயம் தெரியும். எனக்கும் அப்படித்தான். சன்ஜரின் பேச்சைக் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு, நாடகத்துக்கு வசனம் பேசுவது மாதிரியே சொல்லி முடித்தேன்.

பாட்டி தாழ்வாரத்துக் கம்பி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பேசறது எனக்குப் புரியுது" என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வரும் என்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அப்பா அதற்குள் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த மலிவுவிலை வீட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டார். பாட்டி வர மறுத்தார். தண்ணீரையும் விளக்கையும் நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் அந்த லயத்தில் இருந்தார். அப்பா கடைசியில் கத்திவிட்டாராம்: இது நம்ம வீடா, நம்ம மரமா, என்ன இருக்கிறது உனக்கு இங்கே என்று. லாரியில் ஏறும்போது பாட்டி அழவில்லை. ஆனால் அதன் பிறகு அவர்கள் இருவரும் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நான் அப்போது சிறுமி. பாட்டிக்குப் பிடிவாதம் என்று அம்மா சொன்னதையே இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"மரம் நம்மளுது இல்லதான்" என்றார் பாட்டி, தெருவைப் பார்த்தபடியே. "ஆனா எந்த மரம் எத்தன மணி வரைக்கும் பால் விடும்னு எனக்குத்தான் தெரியும். தொரைக்குத் தெரியாது."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அப்பா வெளியே வந்து, நின்று, ஒன்றும் சொல்லாமல், பாட்டியின் தேநீர் மங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிக் கொண்டுவந்தபோது அதில் சூடான தே இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா தே கலக்கி நான் பார்த்ததில்லை. சீனி அதிகம். பாட்டி குடித்தார்.

இதற்கு மேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் என் பையில் இருந்த இன்னொரு காகிதம். காஜாங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறேன். மூன்று அறை, மின்தூக்கி, கீழேயே கிளினிக். வங்கிக் கடன் கிடைக்கும் நிலையில் இருக்கிறது. அப்பாவையும் அம்மாவையும் பாட்டியையும் அங்கே கொண்டுபோய்விட வேண்டும், கிள்ளான் வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது திட்டம். வெள்ளம் வந்தால் இந்தத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அப்பா அரைமனதாகச் சரி சொல்லியிருந்தார். பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. சன்ஜரின் வசனத்தை அத்தனை உணர்ச்சியோடு பேசியது யாருக்காக என்று ரயிலில் திரும்பும்போதுதான் யோசித்தேன். பத்து தீகா வரை யோசித்தேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன். காலையில் ஐந்து மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும்.

இந்த நாவலில் அப்துல்லாஹ் ஃபிராங்ஃபர்ட் போகும் விமானத்தில் உட்கார்ந்துகொண்டுதான் தன் கதையைச் சொல்கிறான். பெரிய வியாபாரி, நடுவயதுக்காரன், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் கண்ணை மூடினால், சின்ன வயதில் அப்பா தன்னைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியது வருகிறது. செத்துப்போன அப்பாவுக்கு இன்னமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். முப்பதாயிரம் அடி உயரத்தில் போனாலும் கிணறு கூடவே வருகிறது. கொமுட்டர் அவ்வளவு உயரம் போகாது. ஆனாலும் இந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஜன்னலில் தலை சாய்த்திருப்பவர்களைப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு வருவதாகத்தான் எனக்குப் படும்.

அரபு நாவல் என்றால் ஒட்டகமும் பேரீச்சையும் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஎல்சிசி கினோகுனியாவில் மொழிபெயர்ப்பு நாவல்களைத் தேடிப் பாருங்கள். தமிழில் வேண்டுமென்றால் எகிப்தின் நவல் எல் சாதவி எழுதியதை லதா ராமகிருஷ்ணன் 'சூன்யப் புள்ளியில் பெண்' என்று கொண்டுவந்திருக்கிறார். அது சிறிய புத்தகம், ஆனால் கனமானது. பாட்டிகளுக்கு வாசித்துக் காட்டும் முன் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். வீட்டில் வெளிநாட்டுப் பணிப்பெண் வைத்திருப்பவர்கள் குவைத்தின் சவூத் அல்சனூசி எழுதிய 'பேம்பூ ஸ்டாக்' நாவலைப் படிக்க வேண்டும். குவைத்துக்காரர் ஒருவருக்கும் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணுக்கும் பிறந்த பையன். அங்கே ஈஸா, இங்கே ஹோசே. 2013-ல் அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசு பெற்றது. பையனை வீட்டுக்குள் சேர்ப்பதா என்று பாட்டி தவிக்கும் பக்கங்களை நம் வீட்டு வரவேற்பறையில் வைத்துப் படித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

போன ஞாயிறு போனபோது பாட்டி எனக்கு முன்பே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் ஒரு நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர் இருந்தது, விரிக்கவில்லை. காஜாங் காகிதம் என் பையில்தான் இருந்தது.

"அந்த ஸரீஃபா கடைசில என்னா ஆனா? மவனோட போனாளா, அங்கயே இருந்தாளா?" என்று பாட்டி கேட்டார்.

எனக்குத் தெரியும், படித்து முடித்துவிட்டேன். "இன்னும் அந்த எடத்துக்கு வரல பாட்டி" என்றேன்.

"பொய் சொல்ற" என்றார். "சரி. வரிசையாவே சொல்லு. அவசரமில்ல."

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். நான் புத்தகத்தைத் திறந்தேன்.